தாய்ப்பலகையா? மாற்றாந்தாய்ப் பலகையா?

திருவாரூரில், கமலாலயக் குளத்துக்கு அப்பால் ஒரு சிறு தெருவில், கணிப்பொறி ஒன்றும் அச்சுப்பொறி ஒன்றும் வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்திவரும் இளைஞர் ஒருவரை நாமறிவோம். சிட்டா, அடங்கல் எடுக்கவும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதியவும், கொள்முதல் நிலையத்தில் நெல் விற்க முன்பதிவு செய்யவும் சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழவர்கள் அவரிடந்தான் வருகின்றனர். அவருடைய கணிப்பொறி 2016-ஆம் ஆண்டில் வாங்கியது; இண்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறைச் செயலி பூட்டியது. ஒன்பது ஆண்டுகள் ஒருநாளும் ஓயாமல் அது உழைத்தது. 2025 அக்தோபர் 14-ஆம் நாளுடன் விண்டோசு 10-க்குத் தான் அளித்துவந்த காப்பை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோசு 11-ஐ ஏற்றிப் பார்த்தார் அந்த இளைஞர். 'உம் செயலி எம் பட்டியலில் இல்லை' என்று திரை கையை விரித்தது.

குறை செயலியில்தானே, அதை மட்டும் மாற்றிவிட்டால் என்ன என்று எண்ணினார். எவரும் அப்படித்தான் எண்ணுவர். பட்டியலில் இடம்பெற்ற எட்டாம் தலைமுறைச் செயலி ஒன்றைப் பழம்பொருள் விலையில் தேடிப் பிடித்தார். அச்செயலியின் தொடுமுனைகள் 1151. அவர் வைத்திருந்த தாய்ப்பலகையின் பொருத்துவாயிலும் 1151 ஊசிகள். நீளம் அதே நீளம். அகலம் அதே அகலம். வைத்தார், அழகாக உட்கார்ந்தது. மின்னை ஊட்டினார், கணிப்பொறி கண்விழிக்கவே இல்லை!

கடைக்காரரிடம் எடுத்துச் சென்றார். "இந்தச் செயலி இந்தப் பலகையில் ஓடாது ஐயா! பலகையை மாற்ற வேண்டும். இதற்குரிய புதுப்பலகை இப்போது வருவதில்லை. ஆகவே செயலியையும் மாற்றிவிடுங்கள். புதுப்பலகைக்குப் புது நினைவகம் வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் மாற்றும்போது இந்தப் பழைய பெட்டியை மட்டும் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?" என்றார் கடைக்காரர். அவர்மேல் குற்றமில்லை. அவர் மேலிடத்திலிருந்து வந்ததைக் கீழே சொல்கிறார், அவ்வளவே. நாம் கேட்க வேண்டியது அந்த மேலிடத்தை.

செயலி என்பது கணிப்பொறியின் மூளை; தாய்ப்பலகை என்பது அம்மூளைக்கு உடல். நினைவகம், தட்டு, திரை, விசைப்பலகை ஆகிய அனைத்தும் அப்பலகையின் வழியாகவே செயலியோடு பேசுகின்றன. செயலியும் பலகையும் கூடும் இடந்தான் பொருத்துவாய். அங்கே ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு வேலை உண்டு: இது மின்னைக் கொண்டுவரும், இது நினைவகத்தோடு பேசும், இது தரையிணைப்பு, இது பின்னொரு நாள் தேவைக்கென வெறுமனே விடப்பட்டது. எந்த ஊசிக்கு எந்த வேலை என்று வகுக்கும் ஆளுமை எவன் கையில் இருக்கிறதோ, அவனே கணிப்பொறியின் உண்மை உடைமையாளன். காசு கொடுத்து வாங்கிய நீங்கள் அன்று!

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. 2018 பிப்பிரவரி 16-இல் இந்திய உச்ச அறமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் என்று தீர்ப்பெழுதிக் கொடுத்தது. தீர்ப்புத்தாள் நம் கையில். மதகுத் திருகு எவர் கையில்? ஆடிப்பெருக்கன்று ஆற்றில் மணலைக் கண்டவன் இதற்கு விடை சொல்வான். பொருத்துவாயும் ஒரு மதகுதான். நிலம் நம்முடையது, வரப்பு நம்முடையது, உழைப்பு நம்முடையது. திறப்பதும் மூடுவதும் மட்டும் அவர்களுடையது!

இனி அந்த மதகின் வரலாற்றைச் சற்றே காண்போம். 2009-இல் இண்டெல் ஒரு பொருத்துவாய் கொணர்ந்தது. அதில் 1156 ஊசிகள். 2011-இல் மற்றொன்று வந்தது, 1155. ஆம், ஓர் ஊசி குறைந்தது! அந்த ஓர் ஊசிக் குறைவால் முந்தைய பலகைகள் அத்தனையும் புதுச்செயலிக்கு உதவாமற் போயின. 2013-இல் 1150. 2015-இல் 1151. 2020-இல் 1200. 2021-இல் 1700. 2024-இல் 1851. பதினைந்து ஆண்டுகளில் ஏழு வாய்கள்! பெரும்பாலும் ஒரு வாய்க்கு இரண்டே தலைமுறைச் செயலிகள். மூன்றாவது தலைமுறை வேண்டுமெனில் பலகையைக் குப்பையில் எறிந்துவிட்டு வா என்பதே சட்டம்.

இவையனைத்தும் வஞ்சகமே என்று யாம் சொல்லவில்லை. பகைவனைப் பழித்தாலும் உண்மையோடு பழிக்க வேண்டும். முற்காலத்தில் நினைவகத்தைக் கட்டியாளும் பகுதி தாய்ப்பலகையில் இருந்தது. ஏ.எம்.டி. நிறுவனம் 2003-இலும் இண்டெல் நிறுவனம் 2008-இலும் மேசைக் கணிப்பொறிகளில் அதைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்தன. அதன்பின் நினைவகத்தின் வகை மாறுந்தோறும் ஊசிகளின் பணியும் மாறியே ஆகவேண்டியதாயிற்று. நான்காம் வகை நினைவகத்துக்கு இழுத்த கம்பிகள் ஐந்தாம் வகைக்கு ஒத்துவரா. இது இயற்கை, இதில் குறைகூற ஒன்றுமில்லை.

ஆனால் 2017-இல் நடந்தது என்ன? திருவாரூர் இளைஞரை மடக்கிப் பிடித்தது அந்த ஆண்டில் விரித்த வலைதான். எட்டாம் தலைமுறைச் செயலியை இண்டெல் வெளியிட்டபோது நினைவகத்தின் வகை மாறவில்லை. ஊசிகளின் எண்ணிக்கையும் மாறவில்லை, அதே 1151. ஆயினும் 2015-இலும் 2017 தொடக்கத்திலும் விற்ற பலகைகளில் அது ஓடாது என்று அறிவித்தது. கருக்கள் கூடியுள்ளன, கூடுதல் மின்னோட்டம் வேண்டும், அதற்காகச் சில ஊசிகளின் பணியை மாற்றினோம் என்று அது விடை சொன்னது. நம்பலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உலகின் பல மூலைகளிலும் இருந்த கைத்தேர்ச்சியாளர் சிலர், தொடக்க நிரலைத் திருத்தியும், சில தொடுமுனைகளை ஒட்டுநாடாவால் மறைத்தும், அதே எட்டாம் தலைமுறைச் செயலியைப் பழைய பலகையிலேயே ஓட்டிக் காட்டிவிட்டனர்! நிறுவனம் முடியாதென்று சொன்னதை ஒரு துண்டு ஒட்டுநாடா முடித்துக் காட்டியது. அப்படியாயின் தடுத்தது மின்னோட்டமா, வணிகமா?

இங்கே நம் இளைஞர்கள் குறுக்கே புகுவர். "இண்டெல் அப்படித்தான் ஐயா, ஆகவேதான் நாங்கள் ஏ.எம்.டி. வாங்குகிறோம்" என்பர். இண்டெலுக்கு நீலம், ஏ.எம்.டி.க்குச் சிவப்பு. திரைப்பட நடிகனின் பதாகைக்குப் பால் ஊற்றிய தமிழன், இப்போது சிலிக்கான் துண்டுகளுக்கும் சுவைஞர் மன்றம் வைத்துக்கொண்டு, நீலமா சிவப்பா என்று நள்ளிரவு வரை சொற்போர் நிகழ்த்துகிறான். அவ்விரு நிறுவனங்களின் தலைவர்களுக்கும் திருவாரூர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது! எனினும் இளைஞர்களின் சொல்லில் உள்ள உண்மையை மறுப்பது முறையன்று.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனியாள் கணிப்பொறிக்கு இண்டெல் செயலியைத் தேர்ந்தபோது, ஒரே விற்பனையாளனை நம்பியிருக்க அது விரும்பவில்லை. இரண்டாவது ஆக்குநரும் வேண்டுமென வற்புறுத்தியது. அதன்படி 1982-இல் இண்டெலும் ஏ.எம்.டி.யும் நுட்பப் பகிர்வு ஒப்பந்தம் செய்தன. வாங்குவோன் வலியவனாயிருந்தால் விற்போன் எப்படிப் பணிவான் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு உண்டோ? இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். சந்தையில் கால் ஊன்றியதும் இண்டெல் தன் 386 செயலியின் நுட்பத்தைத் தர மறுத்தது. 1987-இல் வழக்கு நடுவரிடம் போயிற்று. 1991-இல் ஏ.எம்.டி. தானே ஒரு 386-ஐ உருவாக்கிச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1994-இல் கலிபோர்னிய உச்ச வழக்குமன்றம் ஏ.எம்.டி.யின் பக்கம் தீர்ப்பளித்தது. 1995-இல் இரண்டும் கைகுலுக்கிக்கொண்டன.

அந்நாளில் இருந்தது ஏழாம் பொருத்துவாய். அதில் இண்டெலின் பெண்டியத்தையும் பூட்டலாம், ஏ.எம்.டி.யின் செயலியையும் பூட்டலாம். சைரிக்சு என்ற மூன்றாம் நிறுவனத்தின் செயலியையும் பூட்டலாம். ஒரே பலகை, மூவரில் எவன் நல்ல விலைக்குத் தருகிறானோ அவனிடம் வாங்கிக்கொள்! வாங்குவோனே அரசனாயிருந்த காலம் அது. நீடிக்க விடுவார்களா? 1997-இல் இண்டெல் தன் இரண்டாம் பெண்டியத்தை வெளியிட்டபோது பொருத்துவாயையே ஒழித்துவிட்டு நெடுங்கீற்றான செருகுவாய் ஒன்றைக் கொணர்ந்தது. அவ்விணைப்பைக் காப்புரிமை வேலிக்குள் அடைத்தது. பிறர் செயலி அதில் நுழையக் கூடாது. ஏ.எம்.டி. சில காலம் பழைய ஏழாம் வாயையே விரைவுபடுத்தி ஓட்டிப் பார்த்தது. பின்னர், 1999-இல் தானும் ஒரு செருகுவாய் செய்தது. அதில் ஒரு வேடிக்கை: இரண்டு நிறுவனங்களின் செருகுவாயும் உருவில் ஒன்றே, ஒன்றை மற்றொன்றுக்கு மாறாகத் திருப்பிப் பொருத்தியிருந்தனர்! ஒரே வாசலை இருவர் இருபுறமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, உள்ளே வருவோனை 'நீ யார் வீட்டு ஆள்' என்று கேட்டனர். அன்று பிரிந்த பலகைகள் இன்றுவரை ஒன்றுசேரவில்லை.

பொருத்துவாயோடு நின்றதா இண்டெலின் ஆட்டம்? எச்.பி., ஏசர், இலெனோவோ போன்ற கணிப்பொறி ஆக்குநர்களுக்குப் பணம் கொடுத்து, ஏ.எம்.டி. செயலி பூட்டிய கணிப்பொறிகளின் வெளியீட்டை நிறுத்தவும் தாழ்த்தவும் செய்தது என்ற குற்றத்தை ஐரோப்பிய ஆணையம் உறுதி செய்தது. 2009 மே திங்களில் 106 கோடி யூரோ தண்டம் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஏ.எம்.டி.க்கு 125 கோடி டாலர் கொடுத்து இண்டெல் வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது. ஐரோப்பியத் தண்டத்தை 2022-இல் மன்றம் நீக்கியது. 2023-இல் ஆணையம் வேறொரு கணக்கில் 37 கோடியே 60 இலக்கம் யூரோ என மீண்டும் விதித்தது. மன்றங்களின் ஏறுமாறான தீர்ப்புகள் ஒருபுறம் இருக்க, தள்ளிவைக்கப் பணம் கொடுத்தது என்ற பகுதி மட்டும் நீங்காமல் நின்றது.

இவ்வளவையும் தாங்கி நின்ற ஏ.எம்.டி. நம் பரிவுக்குரியதன்றோ என்பீர்கள். அதன் நான்காம் வாய் என்னும் பொருத்துவாய் 2016-இல் வந்தது. 1331 துளைகள் கொண்டது. 2017-இல் வாங்கிய பலகையில் 2020-இல் வந்த செயலியையும், 2022-இல் வந்த செயலியையும் பூட்ட முடிந்தது. திருவாரூர் இளைஞர் 2017-இல் அப்பலகையை வாங்கியிருப்பாராயின், தொடக்க நிரலைப் புதுப்பித்து, செயலியை மட்டும் மாற்றி, விண்டோசு 11-ஐ ஏற்றிக்கொண்டு இன்றும் அடங்கல் எடுத்துக்கொண்டிருப்பார். இது மெய், பாராட்டுக்குரியதும் ஆகும்.

ஆனால் அந்தப் பாராட்டும் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். 2020 மே திங்களில், வரவிருக்கும் செயலிகள் முந்தைய பலகைகளில் ஓடமாட்டா என்றே ஏ.எம்.டி.யும் அறிவித்தது. தொடக்க நிரல் வைக்கும் சில்லில் இடம் போதாதாம்! வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். இரண்டே கிழமையில் அதே நிறுவனம், 'சரி, சில பலகைகளில் ஓடச் செய்கிறோம்' என்று இறங்கிவந்தது. இன்னும் பழைய, முதல் வரிசைப் பலகைகளுக்கு 2022-இல்தான் வழி திறந்தது. இல்லாத இடம் எங்கிருந்து வந்தது? வாங்குவோர் எழுப்பிய குரலிலிருந்து வந்தது! 2019-இலோ, பெருவிலைச் செயலி வரிசை ஒன்றில், பழைய வாயிலிருந்த அதே 4094 தொடுமுனைகளை வைத்துக்கொண்டு, பழைய பலகையை ஏ.எம்.டி. ஒதுக்கித் தள்ளியது. அப்புதுப் பலகையை நம்பிப் பெரும்பணம் கொட்டியவர்களுக்கு அடுத்த தலைமுறைச் செயலியே வரவில்லை. ஒரே தலைமுறையோடு அந்த வாய் மூடப்பட்டது. இளைத்தவனாய் இருந்தபோது வாங்குவோனை அணைத்தது; தலைநிமிர்ந்ததும் அதே கையால் தள்ளப் பார்த்தது. நிறம் வேறு, குணம் ஒன்று.

இரண்டும் பகையென்று நம்பி மன்றம் நடத்துவோர் 2024 அக்தோபரில் நடந்ததையும் அறிந்துகொள்க. இண்டெலும் ஏ.எம்.டி.யும் தோளோடு தோள் நின்று, எக்சு-86 என்னும் தம் கட்டளைத் தொகுதியைக் காக்க ஒரு கூட்டு அறிவுரைக் குழுவை அமைத்தன. அக்கட்டளைத் தொகுதியைத் தம்முள் மாற்றுரிமை ஒப்பந்தத்தால் பிணைத்துக்கொண்டு, புதிதாய் எவரும் உள்நுழைய முடியாதபடி அடைத்து வைத்திருப்பவர்களும் இவ்விருவரே. முச்சந்தியில் முறைத்துக்கொள்வர், வேலி போடும்போது கைகோப்பர். உழவன் வயலில் நண்டுக்கும் எலிக்கும் பகை இருந்தால் என்ன, நட்பு இருந்தால் என்ன? அறுபடுவது நாற்றுதான்.

மூன்றாவதாக வந்து சேர்ந்தது மைக்ரோசாப்ட். 2021 அக்தோபரில் விண்டோசு 11 வந்தபோது, மிகச் சில விலக்குகள் போக, இண்டெலின் எட்டாம் தலைமுறைக்கும் ஏ.எம்.டி.யின் இரைசன் 2000 வரிசைக்கும் முற்பட்ட செயலிகளை அது ஏற்கவில்லை. காப்புப் பெட்டகச் சில்லு வேண்டும் என்பதற்கேனும் ஒரு பொருள் உண்டு. ஆனால் அப்பெட்டகத்தின் வேலையைச் செய்யவல்ல ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகளும் வெளியே நிறுத்தப்பட்டன. அவற்றால் முடியாது என்பதன்று. பட்டியலில் இல்லை என்பதே குற்றம்! செயலியை மாற்றிக்கொள் என்று பட்டியல் சொல்கிறது; மாற்ற விடமாட்டேன் என்று பொருத்துவாய் சொல்கிறது; இரண்டுக்கும் நடுவில் நம் காசு நசுங்குகிறது. இதற்கிடையில் 2025-இன் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை வேறு மேலே பறந்தது. செயற்கை அறிவுக் கூடங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போயின. பழைய நினைவகத்தை வைத்துக்கொள்ள முடிந்திருந்தாலாவது ஏழை பிழைத்திருப்பான்.

நம் மண்ணில் கருவி என்பது எப்படி இருந்தது? ஏரை எடுத்துக்கொள்வோம். கலப்பை, கொழு, மேழி, ஏர்க்கால், நுகத்தடி, பூட்டாங்கயிறு. ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் பெயருண்டு. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே கழற்றலாம், மாற்றலாம். கொழு தேய்ந்தால் கொல்லுலைக்குக் கொண்டுபோவான் உழவன். ஏர்க்காலையும் மாற்று, நுகத்தடியையும் மாற்று, மாட்டையும் மாற்று என்று எந்தக் கொல்லனும் சொன்னதில்லை. மன்னார்குடிக் கொல்லன் அடித்த கொழு நன்னிலத்துக் கலப்பையில் நுழையாது என்ற பேச்சே கிடையாது. உறுப்பின் பெயரை அறிந்தவன் உறுப்பின் வேலையை அறிந்தான். வேலையை அறிந்தவனை ஏய்க்க முடியவில்லை.

இன்று கடைக்காரரும் அந்த இளைஞரும் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தால் உங்கள் நெஞ்சு நொந்திருக்கும். (மேலே யாம் தந்த உரையாடல் எம் தமிழாக்கமே.) மதர்போர்டு, சாக்கெட்டு, சிப்செட்டு, பயோசு என்று எண்ணும் எழுத்துமாக ஆங்கிலம் கொட்டிற்றே தவிர, 'ஏன் ஓடாது?' என்ற ஒரு தமிழ்க் கேள்வி எழவே இல்லை. தாய்ப்பலகை என்றும் பொருத்துவாய் என்றும் யாம் சொல்லும்போது, 'இவையெல்லாம் எதற்கு, புரிந்தால் போதாதா?' என்று நகைப்பவர்கள் உளர். புரிந்ததா என்பதுதானே கேள்வி! பொருத்துவாய் என்று சொல்லிப் பாருங்கள், 'பொருந்துமா?' என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே எழுந்து நிற்கும். சாக்கெட்டு என்ற ஒலியில் அக்கேள்வி எழுவதில்லை.

விதைக்கும் இதே கதை நேர்ந்ததை இம்மாவட்டம் கண்ணாரக் கண்டது. தன் குதிரில் விதைநெல் வைத்திருந்தவன், பருவந்தோறும் கடையில் நின்று விதை வாங்கும் நிலைக்கு வந்தான். வீரிய ஒட்டு விதையின் மணியை எடுத்து மீண்டும் விதைத்தால் அதே விளைச்சல் வருவதில்லை. மறுபடி வாங்கத்தான் வேண்டும். பருவத்துக்கொரு விதை, செயலிக்கொரு பலகை. இரண்டும் ஒரே தொழிற்கூடத்துச் சூழ்ச்சிதான். அதற்கு விடையும் இம்மாவட்டத்திலிருந்தே வந்தது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 மரபு நெல்வகைகளை மீட்டெடுத்த நெல் செயராமன், எவரிடமும் காப்புரிமை கேட்கவில்லை. இரண்டு கிலோ விதை கொடுத்தார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடு, அதை மற்றோர் உழவனுக்குக் கொடுப்போம் என்றார். 2018 திசம்பரில் அவர் மறைந்தார். அவர் கொடுத்த விதை மறையவில்லை.

செயலியிலும் அத்தகைய பொதுவிதை ஒன்று உண்டு. 2010-இல் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இரிசுக்-ஐந்து என்னும் கட்டளைத் தொகுதி எவருக்கும் உடைமையன்று. எவரும் இசைவு கேளாமல் அதைக்கொண்டு செயலி வடிக்கலாம். அதைக்கொண்டு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு செயலிக் குடும்பத்தை வடித்தனர். வடித்த இடம் சென்னை. வைத்த பெயர் சத்தி! ஆற்றல் என்று வைத்தால் ஆற்றல் குறைந்துவிடுமோ? விண்வெளிக்கென ஆக்கிய செயலிக்கு விக்கிரம், வேறொன்றுக்குத் துருவ். சில்லு வடிக்கும் மூளை தமிழனுடையதாயினும் பெயர்சூட்டும் வாய் வடவனுடையதாகவே இருக்கிறது.

பெயரை விட்டுப் பொருளுக்கு வருவோம். 2018-இல் அச்செயலியின் தொடக்கச் சில்லுகளை வார்க்க இடமின்றி எங்கே கொண்டுபோயினர் தெரியுமா? அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள இண்டெலின் உலைக்கே கொண்டுபோயினர்! பின்னர்ச் சண்டிகரில் உள்ள நடுவணரசின் கூடத்தில் 180 நானோமீட்டர் என்னும் பழைய அளவில் வார்த்தனர். 2025-இல் விண்வெளித் துறைக்கென வெளியிட்ட அதே வழிச் செயலிக்கு வார்ப்பு சண்டிகர், உறையிடல் கருநாடகம், பலகை குசராத்து, பூட்டுதல் சென்னை. மூளை உழைத்ததும் முடிவில் திருகாணி முடுக்கியதும் தமிழ்நாடு. உலை மட்டும் வேறிடம். தில்லி அரசு 2025 ஆகத்து வரை ஒப்புதல் அளித்த சில்லுத் தொழிற்கூடங்கள் பத்து. குசராத்து, அசாம், உத்தரப்பிரதேசம், ஒடிசா, பஞ்சாப், ஆந்திரம் ஆகிய ஆறு மாநிலங்களுக்கு அவை போயின. தமிழ்நாட்டுக்கு எத்தனை? ஒன்றுமில்லை! இண்டெல் தளர்ந்தபோது, தடையற்ற வாணிகத்தின் தலைப்பூசாரியான அமெரிக்க அரசே 2025 ஆகத்தில் அதன் பங்குகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றை வாங்கி முட்டுக்கொடுத்தது. அவர்கள் செய்தால் நாட்டு நலன். நாம் கேட்டால் குறுகிய பார்வை!

அந்தச் சென்னைச் செயலியை நாளைக்கே திருவாரூர் மேசையில் வைத்து ஓட்டிவிடலாம் என்று யாம் ஏய்க்க மாட்டோம். அதற்கு இன்னும் நெடுந்தொலைவு உண்டு. மேலும், கட்டளைத் தொகுதி பொதுவானால் மட்டும் போதாது; பொருத்துவாயும் பொதுவாக வேண்டும். இல்லையேல் பொதுவிதையில் செய்த செயலியையும் எவனோ ஒருவன் தன் தனிவாயில் அடைத்துவிடுவான்.

ஆயின் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஐ.பி.எம். 1981-இல் செய்ததை நினைவில் வைக்கச் சொன்னோம் அன்றோ? பெருங்கொள்முதல் செய்பவன் கேட்டால் விற்பவன் தருவான். தமிழ்நாட்டில் பெருங்கொள்முதல் செய்பவர் யார்? தமிழ்நாட்டரசு! 2011 முதல் பள்ளி மாணவர்க்கு இலக்கக் கணக்கில் மடிக்கணினி வாங்கியது. பள்ளிகளில் உயர்நுட்ப ஆய்வகங்கள் அமைத்தது. 2026 சனவரியில் கல்லூரி மாணவர்க்கு 20 இலக்கம் மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அத்தனை பெரிய கைக்கு ஒரு நிறுவனம் காலில் விழாதா? மடிக்கணினிகளில் செயலி பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. அங்கே பொருத்துவாயே கிடையாது. ஆகவே மாற்றும் பேச்சும் கிடையாது. அவற்றுக்கு நினைவகமும் மின்கலமும் கழற்றக்கூடியனவாய் இருக்க வேண்டும் என்றேனும் விதிக்கலாம். பள்ளி ஆய்வகத்து மேசைக் கணிப்பொறிகளுக்கோ, 'இப்பலகை இன்னும் எத்தனை தலைமுறைச் செயலிகளை ஏற்கும்? அதற்குரிய தொடக்க நிரலை எத்தனை ஆண்டு தருவாய்? எழுதிக் கொடு!' என்று ஒப்பந்தத்திலேயே கேட்கலாம். எழுதித் தராதவன் விலைப்புள்ளியைத் திறக்காமலே திருப்பி அனுப்பலாம்.

இயங்குதளத்திலும் அவ்வாறே. சென்ற இருபது ஆண்டுகளுக்குள் எல்காட் நிறுவனமே கட்டற்ற இலினக்சைத் தன் அலுவலகக் கணிப்பொறிகளில் ஏற்றி ஓட்டிக் காட்டியது. அவ்வழி ஏன் புதர்மண்டிப் போயிற்று என்பதை ஆட்சியிலிருந்த இரு கட்சிகளும் சொல்ல வேண்டும். தமிழிலேயே கட்டளைகள் காட்டும் இலினக்சு, மைக்ரோசாப்ட் பட்டியலிலிருந்து துரத்தப்பட்ட ஆறாம் தலைமுறைச் செயலியிலும் ஓடும். அதற்கு முற்பட்டதிலும் ஓடும். எட்டாண்டுக் கணிப்பொறிகளைப் பள்ளிகள் எடைக்குப் போடுமுன் அவற்றில் இதை ஏற்றிப் பார்க்கும்படி கல்வித்துறை ஒரு தாளில் ஆணையிடலாம். அந்த ஆணைக்குச் செலவு அத்தாளின் விலைதான்.

திருவாரூர் இளைஞர் அதைத்தான் செய்தார். பழைய பலகையில் பழைய செயலியையே திரும்பப் பூட்டி, இலினக்சை ஏற்றினார். அடங்கலும் சிட்டாவும் அதில் வருகின்றன. தமிழ்த் தட்டச்சும் வருகிறது. விரல்தொடு கருவி மட்டும் விண்டோசில்தான் பேசுவேன் என்று அடம்பிடிப்பதால், அதற்கென்று கடன் வாங்கிப் புதிதாய் ஒரு கணிப்பொறி வாங்கிவிட்டார். அதன் பலகை எந்த வாய் என்று கேட்டோம். 1700 என்றார். அடுத்த தலைமுறை அதில் பொருந்துமா என்றோம். "அதைத்தான் ஐயா கடையில் கேட்டேன், பொருந்தாது, வாய் மாறிவிட்டது என்று வாங்கும்போதே சொல்லிவிட்டார்கள்" என்றார்.